இட்டேரித் தடத்துக்கு வழக்கு, கையில் சம்மன்: கோர்ட்டுக்குப் போவதா, ஊரில் பேசுவதா?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுக் குடியிருப்பில் எட்டு வருடமாக இருக்கிறோம். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சைட்டுக்கு வர ஒரே வழி, ஒரு தோட்டத்தை ஒட்டி வரும் பழைய இட்டேரித் தடம்தான். மழை பெய்தால் சேறு. ஸ்கூல் வேன் உள்ளே வரமாட்டேன் என்கிறது. அதனால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஜேசிபி வைத்து ஒரு பக்கத்துக் கிளுவை வேலியை எடுத்துவிட்டு, அகலப்படுத்தி கிராவல் கொட்டினோம். தோட்டத்துக்காரர் அன்றைக்கே வந்து சத்தம் போட்டார். இப்போது முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளரான நான், மூன்று பேரும் பிரதிவாதிகள். கோர்ட் அமீனா வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போனார். "அதைக் கையில் வாங்கினதே தப்பு, நம்ம குடும்பத்துல யாரும் கோர்ட் படி ஏறினதில்லை" என்கிறார் மாமனார். சங்கத்தில் பாதிப் பேர், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம், கோர்ட்டுக்கு யாரும் போக வேண்டாம் என்கிறார்கள். மீதிப் பேர் ஒரு கை பார்த்துவிடலாம் என்கிறார்கள். அந்தத் தோட்டத்து வீட்டில்தான் பால் வாங்கிக்கொண்டிருந்தோம், அது நின்றுவிட்டது. மாரியம்மன் நோம்பிக்கு வரி வாங்க வந்தவர்கள் எங்கள் வீதிப் பக்கமே வரவில்லை. எங்கள் மேல் உண்மையிலேயே தப்பா? நான் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டுமா? ஜெயிலெல்லாம் வருமா?

ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள். ஜெயில் வராது. உங்களுக்கு வந்திருப்பது சிவில் வழக்கு, அதாவது உரிமையியல் வழக்கு. இதில் கைது கிடையாது, ஜாமீன் கிடையாது, உங்களைக் குற்றவாளி என்று யாரும் எழுதப் போவதில்லை. வேலியைச் சேதப்படுத்தியதாகத் தோட்டத்துக்காரர் போலீஸில் தனியாகப் புகார் கொடுத்தால் அது வேறு விஷயம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கோர்ட் தடை உத்தரவு போட்ட பிறகு அதை மீறி யாராவது மண் கொட்டினால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 39, விதி 2ஏ-யின்படி சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். உத்தரவு வந்ததோ இல்லையோ, இன்று முதல் அந்தத் தடத்தில் ஒரு கூடை மண்கூட விழக் கூடாது என்று சங்கத்தில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சம்மனை வாங்கியது சரியான காரியம். வாங்காமல் விட்டால் வழக்கு நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. நிற்காது. மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், அதுவே கொடுத்ததாகக் கணக்கு. அதற்கப்புறம் நீங்கள் போகாவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, தோட்டத்துக்காரர் தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போடலாம் என்றாலும், வராமல் இருந்ததற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். கோர்ட்டுக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தோம் என்பதை எந்த நீதிபதியும் காரணமாக ஏற்கமாட்டார்.

மாமனார் மனசு எனக்குப் புரிகிறது. கோர்ட் படி ஏறாத குடும்பம் என்பதை ஒரு பெருமையாகவே வைத்திருந்த தலைமுறை அது. ஆனால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஏதாவது ஒரு தாலுகா கோர்ட் வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கூச்சம் போய்விடும். பாகப் பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பிகள் வேப்ப மரத்தின் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக நிற்பார்கள். செக் திரும்பி வந்த வழக்குக்கு வந்த விசைத்தறிக்காரரும் நூல் வியாபாரியும் ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். கிணற்றுப் பங்குக்கு வந்த பெரியவர் மஞ்சள் பைக்குள் பத்திரக் கட்டை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கைக்குழந்தையோடு ஜீவனாம்ச வழக்குக்கு வந்த பெண் இருப்பார். நம் ஊர் ஜனங்கள்தான். மானம் கெட்டு யாரும் அங்கே வந்து நிற்கவில்லை. பேசித் தீராத ஒன்றைக் கைகலப்பு இல்லாமல் தீர்க்க வந்திருக்கிறார்கள். தோட்டத்துக்காரரும் அதைத்தான் செய்திருக்கிறார். ஜேசிபி வந்த அன்றைக்கு அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தடத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். சத்தம் போட்டுவிட்டு வக்கீலிடம் போனார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதைதான்.

முதல் வாய்தாவில் பெரிதாக எதுவும் நடக்காது. பல தாலுகாக்களில் ஒரே நீதிபதிதான் உரிமையியல் வழக்கையும் குற்ற வழக்கையும் பார்ப்பார். உங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட நேரமாகலாம், தண்ணீர் பாட்டிலோடு போங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று கும்பிட்டால் போதும். உங்கள் வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்து, எதிருரைக்கு, அதாவது உங்கள் தரப்புப் பதிலுக்கு, அவகாசம் கேட்பார். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிப்பார்கள். அதற்கு மேலும் அபூர்வமாகத் தருவதுண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அதைவிட அவசரம் இன்னொன்று இருக்கிறது. சம்மனோடு வந்த காகிதக் கட்டுக்குள் இடைக்கால மனு ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். தற்காலிகத் தடை கேட்டிருப்பார். அதற்கு எதிர் மனு உடனே போட வேண்டும், ஏனென்றால் அடுத்த சில வருடங்களுக்கு அந்தத் தடத்தில் யார் எப்படிப் போகலாம் என்பதை நடைமுறையில் முடிவு செய்வது அந்த மனுதான்.

வக்கீல் செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உங்களுக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள். கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், அங்கே மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மூன்று பேரும் சேர்ந்து ஒரே வக்கீலை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் பொருளாளர். வசூல் செய்த பணம், ஜேசிபிக்காரருக்குக் கொடுத்தது, கிராவல் லோடு கணக்கு எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கும். வேலியை எடுக்கச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்களா, அல்லது நாலு பேர் பேசி முடிவு செய்ததா என்ற கேள்வி வரும். தீர்மானப் புத்தகத்தையும் ரசீதுகளையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். பழைய தேதி போட்டு எதையும் எழுதிச் சேர்க்காதீர்கள், யார் சொன்னாலும் சரி.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் மேல் தப்பா?

தடத்தில் போக வர உங்களுக்கு உரிமை இருக்கலாம். வேலியை எடுக்க உரிமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்த இரண்டையும் சங்கத்தில் எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருப்பதுதான் பாதிப் பிரச்சினை என்று நினைக்கிறேன்.

இட்டேரி என்பது நம் கொங்குப் பக்கத்தில் இரண்டு தோட்டங்களின் வேலிக்கு நடுவே ஓடும் தடம். அதில் மாடு போகும், வண்டி போகும், களத்துக்கு ஆள் போகும். ஆனால் சட்டத்தின் கண்ணில் எல்லா இட்டேரியும் ஒன்றில்லை. சில இட்டேரிகள் அரசு நிலம். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனிப் புல எண்ணோடு இருக்கும். சில, இரண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுப் பொதுவாக வைத்துக்கொண்டவை. சில முழுக்க முழுக்க ஒருவர் பட்டா நிலத்துக்குள் இருக்கும். பின்னால் இருக்கும் பூமிக்காரருக்கு வழிநடை உரிமை மட்டும் இருக்கும். உங்களுடையது இதில் எது என்று தெரியாமல் வக்கீல் யாரும் உங்களுக்கு உருப்படியான யோசனை சொல்ல முடியாது.

அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தோட்டத்துக்காரர் கோர்ட்டில் கொடுத்த வழக்குரையின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும். அதில் புல எண்ணும் செக்குபந்தியும், அதாவது நாலு பக்கத்து எல்லையும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புல எண்ணுக்குரிய புலப்படத்தைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுக்கலாம். படத்தில் தடம் தனிப் புல எண்ணாகவோ உட்பிரிவாகவோ பிரிந்திருக்கிறதா, அல்லது தோட்டத்தின் எண்ணுக்குள்ளேயே புள்ளிக் கோடாக ஓடுகிறதா என்று பாருங்கள். கூடவே வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எடுத்து வையுங்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் உட்பிரிவு மாறியது. அதனால் அதற்கு முந்தைய பதிவேட்டையும் தாலுகா அலுவலகத்தில் நகல் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது உங்கள் சைட்டின் தாய்ப் பத்திரம். சைட் போட்டவர் அந்தப் பூமியை யாரிடமிருந்து வாங்கினாரோ அந்தக் கிரயப் பத்திரம், முடிந்தால் அதற்கும் முந்தையது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாவதற்கு முன் எழுதியதில் கோயம்புத்தூர் மாவட்டம், பல்லடம் வட்டம் என்று இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் செக்குபந்திக்குக் கீழே, போக வர, வண்டி வாகனம் ஓட்டிக்கொள்ள மாமூல் தடப் பாத்தியம் சகிதம் என்பது போல ஒரு வரி அநேகமாக இருக்கும். அந்த ஒரு வரியைத் தேடுங்கள். அது இருந்தால் வழக்கில் உங்களுக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்துவிட்டது. எத்தனை அடித் தடம், எந்தத் திசையில், எது வரை என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. வரியே இல்லையென்றாலும், உங்கள் பூமியின் பழைய சொந்தக்காரர்கள் 20 வருடத்துக்கு மேல் யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவு மறைவு இல்லாமல், தடையில்லாமல் அந்தத் தடத்தில் போய் வந்திருந்தால் அனுபவத்தாலேயே உரிமை வரும் என்கிறது 1882ஆம் வருடத்து வழியுரிமைச் சட்டம். நீங்கள் எட்டு வருடம்தான் இருக்கிறீர்கள் என்பதால் பயப்பட வேண்டாம். முன்பு அங்கே விவசாயம் செய்தவர்கள் வண்டி ஓட்டிய காலமும் சேர்ந்து கணக்காகும். அந்தப் பூமியில் முன்னே வேலை செய்த பெரியவர்கள் யாராவது ஊரில் இருந்தால் அவர்கள் சாட்சியம் பெரிய பலம்.

ஆனால் அதே சட்டத்தின் 30ஆவது பிரிவை உங்கள் சங்கத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வழியுரிமை உள்ள பூமியைப் பல பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்குக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் வழி விட்டவரின் நிலத்தின் மேல் இருக்கும் சுமை அதனால் கணிசமாகக் கூடக் கூடாது. உங்கள் சைட் ஒரு காலத்தில் ஒரே தோட்டமாக இருந்திருக்கும். ஒரு குடும்பம், ஒரு ஜோடி மாடு, அறுப்புக் காலத்தில் நாலு வண்டி. அதற்காக விட்ட தடம் அது. இன்றைக்கு அதே தடத்தில் அத்தனை வீட்டு வண்டியும், கேஸ் வண்டியும், செங்கல் லாரியும் போகிறது. தடத்தையே அகலப்படுத்தி, அவர் வேலியையும் எடுத்தால், கோர்ட் அதைச் சுமை கூடியதாகத்தான் பார்க்கும். நிலம் அவர் பட்டாவில் இருந்தால், அகலப்படுத்திய பகுதியைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கும்படி உத்தரவு வரவே வாய்ப்பு அதிகம். ஒருவேளை அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தெரிய வந்தால் கதையே மாறும். தடம் அவருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும் சொந்தமில்லை. அப்போது வேலி உள்ளே தள்ளி வந்திருந்ததா என்பதைத் தாசில்தார் அளந்து பார்க்க வேண்டும். அந்த நிலையிலும் ஜேசிபியைக் கூப்பிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

கிளுவை வேலி போனதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். தோட்டத்துக்காரருக்கு அது ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. அந்த வேலி அடர்ந்து வர வருடக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு போத்தாக நட்டு, முள் அடைத்து, காய்ந்த இடத்தில் மறுபடி நட்டு வளர்த்த வேலி. அது இல்லாமல் ராத்திரியில் ஆட்டுப்பட்டிக்கு நாய் வரும், பகலில் அடுத்தவர் மாடு சோளக் காட்டில் இறங்கும். நீங்கள் பார்த்தது மழைக் காலச் சேற்றையும் வேனையும். அதுவும் நிஜமான கஷ்டம்தான். அவர் பார்த்தது தன் தோட்டம் ஒரே நாளில் திறந்து கிடந்ததை. இதை எதிருரையில் எழுத முடியாது. ஆனால் நீங்கள் மூன்று பேரும் இதை மனசுக்குள் ஒத்துக்கொண்டால்தான் அப்புறம் பேசுகிற பேச்சு பேச்சாக இருக்கும்.

சைட் போட்டவரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். முப்பது அடி ரோடு என்று சொல்லித்தானே விற்றிருப்பார்? உங்கள் மனைப்பிரிவு நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பெற்றிருந்தால் அனுமதி வரைபடத்தில் மெயின் ரோட்டிலிருந்து வரும் அணுகு சாலை எதுவென்று காட்டியிருக்க வேண்டும். 20.10.2016க்கு முன்பு போட்ட அங்கீகாரமில்லாத மனைகளை 2017ஆம் வருடத்து விதிகளின்படி வரன்முறை செய்திருந்தால் அந்தக் கோப்பையும் நகல் எடுங்கள். அங்கீகரித்த மனைப்பிரிவுக்குள் இருக்கும் ரோடு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கும். ஆனால் உங்கள் வழக்கு ஓடுவது வெளியே இருக்கும் தடத்துக்கு. அதை அவர் வாங்கவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை என்றால், இத்தனை குடும்பத்துக்கும் தோட்டத்துக்காரருக்கும் நடுவில் இந்தப் பகையை உண்டாக்கிவிட்டுப் போனவர் அவர்தான். அவர் மேல் தனியாக என்ன நடவடிக்கை எடுக்க முடியும் என்பதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். சைட் வாங்கும்போது கொடுத்த அச்சடித்த நோட்டீஸ் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எதிருரையில் என்ன எழுதுவது என்பதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். இரண்டு விஷயம் மட்டும் அவரிடம் கேளுங்கள். தடத்தில் போக வர உரிமை உண்டென்று விளம்புகை, அதாவது கோர்ட்டின் அறிவிப்பு, கேட்டு எதிர்க் கோரிக்கை போடலாமா என்பது ஒன்று. போட்டால் தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை, கோர்ட் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். இன்னொன்று, வழக்கறிஞர் ஆணையர் கேட்டு மனுப் போடலாமா என்பது. கோர்ட் ஒரு வக்கீலை ஆணையராக நியமித்தால், அவர் சர்வேயரோடு நேரில் வந்து அளந்து, வேலி எங்கே இருந்தது, இப்போது தடம் எத்தனை அடி, வேறு வழி இருக்கிறதா என்று வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார். மழையில் கிராவல் கரைந்து, புதர் முளைத்து அடையாளம் மாறும்முன் இது நடப்பது இரண்டு தரப்புக்கும் நல்லது. ஆணையர் வரும் நாளில் சங்கத்து ஆட்கள் ஐம்பது பேர் கூடி நிற்காதீர்கள். மூன்று பேர் போதும். தோட்டத்து வீட்டுப் பெரியவர் வந்தால் முதலில் நீங்களே வணக்கம் சொல்லுங்கள்.

அடுத்து, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவது. தாராளமாகப் பேசுங்கள். கோர்ட்டில் வழக்கு இருப்பது பேச்சுக்குத் தடையே இல்லை. ஆனால் பேசுகிறோம் என்பதற்காக வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். யாரை வைத்துப் பேசுவது என்பதிலும் யோசனை வேண்டும். உங்கள் குடியிருப்பில் பலர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களாக இருப்பீர்கள். உள்ளூர்க்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால் உங்கள் ஆட்களுக்கு நம்பிக்கை வராது. உங்கள் சங்கத்து ஆட்கள் மட்டும் உட்கார்ந்தால் தோட்டத்துக்காரர் வரமாட்டார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்த வாத்தியார், பால் சொசைட்டிச் செயலாளர், இரண்டு பக்கமும் போய் வருகிற ஒரு டாக்டர், இப்படி யாராவது இருந்தால் அவர்களை முன்வைத்துப் பேசுங்கள். அபராதம் கட்டு, ஊரோடு சேர்க்கமாட்டோம் என்று பேச ஆரம்பித்தால் அது கட்டப் பஞ்சாயத்து. அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை, எழுந்து வந்துவிடலாம்.

பேசி முடிந்தால், முடிந்ததை ஊரில் ஒரு பத்திரத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். அந்த மாதிரி முச்சலிக்கா, ஆள் மாறினால், தோட்டம் விற்றால், பிள்ளைகள் காலம் வந்தால் நிற்காது. அதே சமரசத்தை இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, கட்டளை 23 விதி 3-ன்படி கோர்ட்டில் தாக்கல் செய்து, சமரசத் தீர்ப்பாணையாக வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே முடிந்தால் அது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தோட்டத்துக்காரர் கட்டிய கோர்ட் கட்டணமும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். கட்டண விஷயத்தில் இன்னொரு நல்ல செய்தி உண்டு. மத்தியஸ்தம், மக்கள் நீதிமன்றம் என்று போகாமல் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக்கு இத்தனை கட்டிவிட்டேனே என்று அவர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

என்ன பேசுவது? என் யோசனை இது. எடுத்த வேலிக்குப் பதிலாகச் சங்கச் செலவில் கல் ஊன்றிக் கம்பி வேலி போட்டு, அதை ஒட்டிக் கிளுவைப் போத்தும் நட்டுக் கொடுங்கள். நிபந்தனை எதுவும் வைக்காமல் இதை முதலில் சொல்லுங்கள். அப்புறம் பழைய தடத்தின் அகலத்தை அளந்து கல் நட்டு இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். வேனும் ஆம்புலன்ஸும் திரும்ப இன்னும் எத்தனை அடி வேண்டுமோ அதை மட்டும் அவரிடம் விலைக்குக் கேளுங்கள். நியாயமான விலைக்குக் கொடுத்தால் முறையாகக் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் ரோடு போடுவதும் சாக்கடை கட்டுவதும் அவர்கள் பொறுப்பு. குடியிருப்புத் தண்ணீர் அவர் காட்டுக்குள் இறங்காமல் இருக்கவும், ராத்திரியில் செங்கல் லாரி வராமல் இருக்கவும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கமாட்டேன் என்றால் அது அவர் இஷ்டம். அப்போது பழைய அகலத்தோடு உங்கள் உரிமையைக் கோர்ட்டில் நிலைநாட்டுவதுதான் வழி. முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்பதால் அது சீக்கிரம் முடியாது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோம்பி வரியை அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களும் கணவரும் கோயில் கமிட்டிக்காரரிடம் நேரில் போய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். சங்கத்தின் பெயரில் வேண்டாம், உங்கள் வீட்டுப் பெயரில் கொடுங்கள். வாங்கமாட்டோம் என்றால் சண்டை போடாமல் அடுத்த வருடமும் போங்கள். பாலைப் பற்றிக் கேட்டு ஆள் அனுப்பாதீர்கள். அது தானாக வர வேண்டியது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தோட்டத்துக்காரர் குடும்பத்தைப் பற்றி யார் என்ன எழுதினாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அது நாளைக்கு ஸ்கிரீன்ஷாட்டாக அவர் வக்கீல் கையில் இருக்கும்; அதைவிட, ஊரில் நாலு வாய் மாறிப் பத்தாகப் போய்ச் சேரும். வாய்தாத் தேதியைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வழக்குக்கு 16 இலக்க சிஎன்ஆர் எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் தேதியும் உத்தரவும் உங்கள் போனிலேயே தெரியும்.

சமரசம் கையெழுத்தாகும் நாள் வந்தால், அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். வழக்குரையில் உங்கள் மூன்று பேரையும் குடியிருப்போர் எல்லோருக்கும் பிரதிநிதிகளாகச் சேர்த்து, கட்டளை 1 விதி 8-ன்படி அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். வாங்கியிருந்தால் கோர்ட் அனுமதியில்லாமல் நீங்கள் செய்யும் சமரசம் செல்லாது, குடியிருப்போருக்கு முன்கூட்டியே அறிவிப்பும் கொடுக்க வேண்டும். வாங்காவிட்டாலும் பொதுக்குழுவைக் கூட்டி, சமரச விவரத்தை முழுக்கப் படித்துக் காட்டி, வேலிக்கும் நிலத்துக்கும் வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானம் போட்டு, வந்தவர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வராதவர்களுக்கு நகலை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.